கட்டெறும்புக்கு அளவெடுத்தல்

கட்டெறும்பு வரிசையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால், ஒல்லியாக விறுவிறுவென்று ஓடுபவற்றுக்கு நடுவே தலை பெருத்த ஆசாமி ஒன்று நிதானமாக நடந்து வருவது தெரியும். உடம்பு கொஞ்சம்தான் பெரிது, தலை மட்டும் அநியாயத்துக்குப் பெரிது. அது ஆண் எறும்பு, அது வயசான எறும்பு, அதுதான் ராஜா என்று வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். மூன்றுமே இல்லை. வரிசையில் போகும் எல்லாமே பெண்கள், எல்லாமே வேலைக்கார எறும்புகள். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்துவிட்ட எறும்பு அதன்பிறகு மயிரிழைகூட வளராது. யார் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் புழுப் பருவத்திலேயே முடிந்துபோகும் விஷயம்.

எனக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, இந்தக் கூட்டில் 'சின்னது', 'பெரியது' என்று உண்மையிலேயே இரண்டு வகை உண்டா, இல்லை சின்னதிலிருந்து பெரியதுவரை இடைவெளி இல்லாமல் ஒரு தொடரா? இரண்டு, பெரிய எறும்பு என்பது சின்ன எறும்பை அப்படியே ஜெராக்ஸில் பெரிதாக்கியதுதானா, இல்லை உருவமே மாறுகிறதா? இரண்டுக்கும் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. கண்ணுக்கு ஓரங்கள்தான் படும், நடுவில் உள்ளது படாது.

இது பழைய கேள்விதான். சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் மேற்கு ஆப்பிரிக்காவின் படை எறும்புகளைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறார். வீடு கட்டும் கூலியாட்களில் பலர் ஐந்தடி நான்கு அங்குல உயரம், பலர் பதினாறடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பெரிய ஆளின் தலை மூன்று மடங்கு இல்லை, நான்கு மடங்கு. தாடை கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. உடம்பு மூன்று மடங்கானபோது தலை நான்காகிறது என்பதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அவர் பிரித்தெடுத்த தாடைகளை, கேமரா லூசிடா என்ற பிரதிபலிப்புக் கருவியை வைத்து லப்பக் என்பவர் படம் வரைந்து கொடுத்திருக்கிறார். இன்று நாம் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பை வைத்துச் செய்வதும் அதே வேலைதான், பென்சில் மட்டும் இல்லை.

எதை அளப்பது

முதலில் தோன்றுவது மூக்கு முதல் வால் வரை நீளம். அதை விட்டுவிடுங்கள். எறும்பின் பின்வயிறு பலூன் மாதிரி. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் உப்பும், ஓடுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய தோல் விரியும். ஸ்பிரிட்டில் போட்டால் சிலது சுருங்கும், சிலது நீளும். தலை குனிந்து செத்ததா நிமிர்ந்து செத்ததா என்பதிலும் நீளம் மாறும். ஒரே எறும்பைக் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் காட்டும் அளவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பழைய நூல்களில் உடல் நீளத்தை மட்டும் கொடுத்திருப்பார்கள். அது இனத்தைக் கண்டுபிடிக்க உதவும், இந்த வேலைக்கு உதவாது.

கெட்டியான ஓடு உள்ள பாகங்கள்தான் நம்பகமானவை. நான் எடுத்துக்கொண்டவை நான்கு.

தலையின் அகலம்: தலையை நேர் எதிரே பார்க்கும்போது மிக அகலமான இடம், கண்ணைச் சேர்க்காமல். இந்த 'கண்ணைச் சேர்க்காமல்' என்பதை முதலிலேயே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். சின்ன எறும்பில் கண் தலையின் ஓரத்தை ஒட்டி இருக்கும், லேசாகத் திருப்பினால் வெளியே துருத்தும். பெரியதில் கன்னம் அகன்று கண் உள்ளே தள்ளிப்போய்விடும். சின்னதில் கண்ணோடு சேர்த்தும் பெரியதில் கண் இல்லாமலும் அளந்தால், கண்டுபிடிக்க வந்த வித்தியாசத்தையே கொஞ்சம் தின்றுவிடுவோம்.

தலையின் நீளம்: வாய்க்கு மேலே உள்ள தகட்டின் முன் விளிம்பிலிருந்து தலையின் பின் விளிம்புவரை. தாடை சேராது. பெரிய எறும்பின் தலையில் பின்புறம் நடுவில் உள்வாங்கியிருக்கும். அங்கே குழியின் அடியிலிருந்து அளப்பதா, இரண்டு பக்க மேடுகளையும் இணைக்கும் கோட்டிலிருந்து அளப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். நான் மேடுகளை இணைக்கும் கோட்டை எடுத்துக்கொண்டேன்.

மார்புப் பகுதியின் நீளம்: பக்கவாட்டில் பார்க்கும்போது, கழுத்தை விட்டுவிட்டு, முன்மார்பின் முன்சரிவு தொடங்கும் இடத்திலிருந்து பின்பகுதியின் கீழ்மூலைவரை ஒரு சாய்ந்த கோடு. நீல் வெபர் என்ற எறும்பு ஆய்வாளரின் பெயரால் இதை வெபர் நீளம் என்கிறார்கள். உடம்பின் மொத்தப் பருமனுக்கு இதுதான் நல்ல பதிலாள்.

உணர்கொம்பின் முதல் கணு: எறும்பின் உணர்கொம்பு முழங்கை மாதிரி மடியும். தலையிலிருந்து முழங்கை வரையுள்ள நீண்ட துண்டு இது. அடியில் உள்ள குமிழைச் சேர்க்கக் கூடாது.

பின்னங்கால் தொடையையும் அளக்கலாம் என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். கால் மடங்கிக் கிடக்கும் கோணத்தில் அது படுத்தும் பாடு அதிகம், பலன் குறைவு.

பிடிப்பதில் உள்ள வில்லங்கம்

அளவெடுப்பதைவிட இதில்தான் அதிகமாகக் கோட்டை விட வாய்ப்பு இருக்கிறது. வரிசையில் கை போனபடி எடுத்தால் வெளியே இரை தேட வருபவை மட்டும் கிடைக்கும். கூட்டின் வாசலிலும் உள்ளேயும் இருப்பவை வேறு கலவை. இருட்டிய பிறகு வரிசையில் நடமாட்டமே மாறிவிடுகிறது. அதோடு நம் கை தானாகப் பெரியதைத் தேடி ஓடும். தலை பெருத்தது ஒன்று வந்தால் விடுவோமா?

இதற்கு நான் கண்ட வழி, இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பிடிப்பது. 'எத்தனை வகை, எந்த அளவு எவ்வளவு' என்ற கேள்விக்கு ஆளைப் பார்த்துப் பொறுக்கவே கூடாது. மரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டுகிற ஒவ்வொன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டே போக வேண்டும், போதும் என்கிறவரை. இதைப் பகலிலும் இரவிலும் வாசலிலும் செய்து தனித்தனிக் குப்பியில் போட வேண்டும். 'உருவம் எப்படி மாறுகிறது' என்ற கேள்விக்கு இதற்கு நேரெதிர். அங்கே பெரியவற்றைத் தேடித்தேடி எடுப்பதுதான் சரி. ஓரத்தில் ஆள் இல்லாவிட்டால் கோட்டின் சாய்வு தெரியாது. ஆனால் அப்படித் தேடி எடுத்ததை முதல் கேள்விக்கான எண்ணிக்கையில் கலந்துவிட்டால், நாமே உண்டாக்கிய ஒரு 'பெரிய எறும்பு ஜாதி' வரைபடத்தில் மேடாக எழுந்து நிற்கும். என் கணக்குத் தாளில் 'எடுத்த விதம்' என்று ஒரு பத்தியே இதற்காக இருக்கிறது.

இன்னொன்று, கூடுகளைக் கலக்காதீர்கள். இளம் கூடுகளில் பெரிய எறும்புகளே இருக்காது. ராணி தனியாக வளர்த்தெடுக்கும் முதல் ஈடு ரொம்பப் பொடியாக இருக்கும், பெரியவை வருவது கூடு வளர்ந்த பிறகுதான். இளம் கூடு ஒன்றையும் பழைய கூடு ஒன்றையும் சேர்த்துக் கொட்டினால், அந்தக் கலவைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

பிடித்ததைக் குப்பியோடு ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தால் அமைதியாக முடிந்துவிடும். அப்புறம் 70 சதவீத ஸ்பிரிட். வீட்டில் உள்ள சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். கெட்டியான சானிடைசர் ஜெல் வேண்டாம், காய்ந்தால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். குப்பிக்குள்ளே பென்சிலால் எழுதின சீட்டு ஒன்று போடுங்கள். பால்பாயின்ட் மை ஸ்பிரிட்டில் கரைந்து சீட்டு வெள்ளையாகிவிடும்.

அட்டையும் பெவிகாலும்

எறும்பை ஊசியால் குத்தினால் மார்பு சிதைந்துவிடும். அதனால் சின்ன முக்கோண அட்டையின் நுனியில் ஒட்டி, அட்டையின் அகன்ற பக்கத்தில் ஊசியைக் குத்துவதுதான் அருங்காட்சியக வழக்கம். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல பொருள் இல்லை. கெட்டியாகவும் வழவழப்பு இல்லாமலும் இருக்கும் பத்திரிகையாகப் பார்த்து எடுங்கள். தங்க மையில் அச்சடித்த பக்கம் வேண்டாம், வெளிச்சம் பட்டுக் கண் கூசும். ஒட்ட பெவிகால். அது தண்ணீரில் இளகும் என்பதுதான் அதன் பெருமை. தப்பான கோணத்தில் ஒட்டியதை ஒரு சொட்டு வெந்நீர் விட்டு எடுத்துவிடலாம். ஃபெவிக்விக் போட்டால் அதோடு முடிந்தது.

ஒட்டும் இடம், நடுக்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில், மார்பின் அடிப்பக்கம். பசை மேலே வழிந்தால் வெபர் நீளத்தின் கீழ்மூலை மூடிக்கொள்ளும். சாதாரண குண்டூசி நம் ஊர் ஈரத்துக்குச் சீக்கிரமே துரு பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஊசி வாங்கிவிடுவது நல்லது. தலை கழன்று விழுந்துவிட்டால் பதற வேண்டாம், அதே எண் போட்டுத் தனி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம். அளப்பதற்கு உண்மையில் அது இன்னும் வசதி.

ஒட்டி முடித்த பலகையை மேசைமேல் அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பொடி எறும்புகள் வந்து கட்டெறும்பைத் துண்டு துண்டாக எடுத்துப்போய்விடும். பலகையைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வையுங்கள், பெட்டியில் மூடி வைக்கும்போது ஒரு அந்துருண்டை.

கேமராவைக் கட்டிப்போடுவது

யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் பெட்டியின்மேல் '1000 மடங்கு' என்று போட்டிருப்பதற்கு ஒரு பொருளும் இல்லை. நமக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல். 1280 பிக்சல் அகலப் படத்தில் 5 மி.மீ. அடங்கினால் மில்லிமீட்டருக்கு 256 பிக்சல், அதாவது ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டு முனையிலும் சேர்த்து 5 பிக்சல் பிசகினால் 20 மைக்ரான் தப்பு. ஒன்றரை மி.மீ. தலையில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், 4 மி.மீ. தலையில் அரை சதவீதம். கட்டெறும்புக்கு இது தாராளம். பிள்ளையார் எறும்புக்கு இதே ஏற்பாடு போதாது.

அளவுகோலுக்கு ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் என்ற கண்ணாடிச் சில்லு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 1 மி.மீ. நூறு பாகமாகக் கீறப்பட்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேலைவிட இதுவே மேல். ஸ்கேலில் கோட்டின் தடிமனே ஒரு பிரச்சினை.

பெரிய தொந்தரவு அளவுகோலில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. லென்ஸுக்கு அருகே வரும் பொருள் பெரிதாகத் தெரியும். லென்ஸ் 50 மி.மீ. உயரத்தில் இருக்கும்போது எறும்பின் தலை அளவுகோலைவிட 1 மி.மீ. உயரமாக இருந்தால் 2 சதவீதம் கூடுதலாகக் காட்டும். மேசையில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, பிறகு ஊசிமேல் நிற்கும் எறும்பைப் படம் எடுத்தால் இந்தத் தப்பு நிச்சயம் வரும். அதிலும் பெரிய எறும்பு உயரமாக நிற்கும், அதற்குத் தப்பு கூடுதலாகவும் இருக்கும். அப்படியானால் இது சும்மா சத்தம் இல்லை, நமக்கு வேண்டிய விடையின் திசையிலேயே சாய்கிற தப்பு.

இதற்கு வழி எளிது. மைக்ரோஸ்கோப்பின் ஃபோகஸ் வளையத்தை அளவுகோலை வைத்து ஒருமுறை தெளிவாக்கிவிட்டு, அதன்மேல் டேப்பைச் சுற்றி ஒட்டிவிடுங்கள். அதன்பின் அந்த வளையத்தைத் தொடக் கூடாது. ஒவ்வொரு எறும்புக்கும் ஃபோகஸ் வேண்டுமானால் எறும்பைத்தான் மேலும் கீழும் நகர்த்த வேண்டும். இந்த உருப்பெருக்கத்தில் தெளிவாகத் தெரியும் அடுக்கு ரொம்ப மெல்லியது. ஆகவே எது தெளிவாகத் தெரிகிறதோ அது லென்ஸிலிருந்து எப்போதும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் இருக்கும். நகர்த்துவதற்கு நான் பயன்படுத்தியது ஒரு பழைய மைக்ரோஸ்கோப்பின் மேடை, திருகினால் ஏறி இறங்கும். அது இல்லாவிட்டால் ஒரு போல்ட்டையும் நட்டையும் வைத்துச் செய்துகொள்ளலாம். 6 மி.மீ. போல்ட்டில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். கைப்பேசியை ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கண்ணாடியில் வைத்து எடுப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கைப்பேசி தானாகவே லென்ஸ் மாற்றும், நம்மிடம் சொல்லாது.

அளவுகோலைப் படத்தின் நடுவிலும் ஓரத்திலும் வைத்து அளந்து பார்ப்பதும் அவசியம். மலிவான லென்ஸ்கள் ஓரத்தில் இழுக்கும். என்னுடையது இழுத்தது. அதனால் தலையை எப்போதும் நடுவில் வைத்துத்தான் எடுத்தேன்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டெறும்பு பளபளக்கும் கறுப்பு இல்லைதான், ஆனாலும் மைக்ரோஸ்கோப்பின் எல்இடி விளக்குகள் நெற்றியில் எட்டுப் பொட்டு வைத்துவிடும். டிரேசிங் பேப்பரைக் குழாய் மாதிரிச் சுருட்டி எறும்பைச் சுற்றி நிறுத்தினால் வெளிச்சம் பரவிவிடும். பின்னணிக்கு வெள்ளைத் தாளைவிடச் சாம்பல் நிற அட்டை நல்லது. வெள்ளை ரொம்பப் பிரகாசமானால் எறும்பின் ஓரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும்.

முகத்தைத் திருப்புவது

மொத்த வேலையில் பொறுமை அதிகம் கேட்பது இதுதான். தலை நேராக நம்மைப் பார்க்க வேண்டும். ஊசியைக் களிமண் உருண்டையில் குத்தி, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். நேராக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க மெல்லிய ஃபோகஸ்தான் உதவி. வாய்க்கு மேலுள்ள தகட்டின் முன் விளிம்பும் தலையின் பின் விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தால் தலை மேலும் கீழும் சாயவில்லை. இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தால் பக்கவாட்டில் திரும்பவில்லை.

சாய்ந்தால் என்ன ஆகும்? தட்டையான பொருள் 10 டிகிரி சாய்ந்தால் அதன் நீளம் ஒன்றரை சதவீதம் குறைந்து தெரியும், 20 டிகிரி சாய்ந்தால் 6 சதவீதம். எறும்பின் தலை அநேகமாக எப்போதும் ஆமாம் போடும் திசையில்தான் சாய்ந்திருக்கும், இல்லை போடும் திசையில் குறைவு. ஆமாம் போடுவதால் தலையின் நீளம் கெடும், அகலம் கெடாது. எறும்பு ஆய்வாளர்கள் தலை அகலத்தையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது அளந்து பார்த்தபோது புரிந்தது. எல்லாவற்றையும் அளக்க நேரம் இல்லாதவர்கள் தலை அகலத்தை மட்டும் அளக்கலாம், பாதி விடை கிடைத்துவிடும்.

படங்களை அளக்க இமேஜ்ஜே. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் உருவான இலவச மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். அளவுகோல் படத்தில் 1 மி.மீ. நீளத்துக்குக் கோடு இழுத்து, இத்தனை பிக்சல் ஒரு மில்லிமீட்டர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அதன்பின் இழுக்கும் ஒவ்வொரு கோடும் மில்லிமீட்டரிலேயே வரும்.

கொஞ்சம் எறும்புகளை மட்டும் களிமண்ணிலிருந்து எடுத்து, வரிசையைக் கலைத்து, வேறொரு நாள் திரும்பவும் திருப்பி நிறுத்தி, பழைய எண்ணைப் பார்க்காமல் அளந்தேன். அதே படத்தை இன்னொருமுறை அளப்பது இதற்கு ஈடாகாது. அது கோடு போடும் கையைத்தான் சோதிக்கும். தலையைத் திருப்பி நிறுத்தும் கையைச் சோதிக்க வேண்டும். தலை அகலம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. தலை நீளம் அதைவிட அதிகமாக ஆடியது. உணர்கொம்புக் கணுதான் மோசம், அது படத்தின் தளத்தில் முழுதாகப் படுத்துக் கிடந்தால்தான் நம்பலாம். படுக்காதவற்றில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டேன்.

எண்கள் சொன்னது

முதல் கேள்விக்கு வருவோம். சாக்பீஸ் கோட்டில் பிடித்தவற்றின் தலை அகலத்தைத் தூண் வரைபடமாகப் போட்டேன். அரை மில்லிமீட்டருக்கு ஒரு தூண் என்று வைத்தால் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜாதி அழகாகத் தெரிகிறது. கால் மில்லிமீட்டருக்கு ஒரு தூண் என்று மாற்றினால் மூன்றும் காணாமல் போகின்றன. தூணின் அகலத்தை மாற்றினால் மறைந்துபோகும் ஜாதி ஜாதியே இல்லை. மிஞ்சியது இதுதான்: ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. வரை பெரும் கூட்டம், அங்கிருந்து 4 மி.மீ. சுற்றுவட்டாரம் வரை நீண்டு மெலியும் ஒரு வால். நடுவில் ஆள் குறைவுதான், ஆனால் வெற்றிடம் இல்லை. குறைந்தபட்சம் எங்கள் கொல்லைக் கூட்டில் 'பெரிய எறும்பு' எங்கே தொடங்குகிறது என்று ஒரு கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

இரண்டாவது கேள்விக்கு மடக்கை (லாகரிதம்) வேண்டும். மார்பு நீளத்தையும் தலை அகலத்தையும் இரண்டையும் மடக்கையாக மாற்றி ஒன்றுக்கொன்று எதிராகப் புள்ளி வைத்தால், பெரிதாகும்போது உருவம் மாறாவிட்டால் கோட்டின் சாய்வு சரியாக 1 வரும். சாய்வு 1.5 என்று வைத்துக்கொண்டால், மார்பு இரு மடங்காகும்போது தலை 2.8 மடங்காகும். இந்த வகை வளர்ச்சிக் கணக்கை ஆங்கிலேய உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1932இல் ஒரு முழு நூலாகவே எழுதினார். 1936இல் அவரும் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் டெசியேவும் சேர்ந்து அதற்கு ஆலோமெட்ரி என்று பெயர் வைத்தார்கள். எறும்புகளுக்கு அதை விரிவாகப் பொருத்திப் பார்த்தது அமெரிக்க எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சனின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை. சில இனங்களில் ஒரே கோடு, சிலவற்றில் நடுவில் முறியும் கோடு, சிலவற்றில் இரண்டு தனித்த கோடுகள் என்று அவர் வகைப்படுத்தினார்.

எக்செலிலோ லிப்ரேஆபீஸிலோ சாய்வு கேட்டால் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிடை அச்சில் உள்ள அளவில் தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு அது கணக்குப் போடும். நம் மார்பு நீளத்திலும் தப்பு உண்டு, அதனால் சாய்வு கொஞ்சம் தாழ்ந்து வரும். மாற்று வழி சுலபம். தலை அகல மடக்கைகளின் திட்டவிலக்கத்தை மார்பு நீள மடக்கைகளின் திட்டவிலக்கத்தால் வகுத்தால் போதும், அதுவே சாய்வு. புள்ளிகள் கோட்டை ஒட்டி நெருக்கமாக இருந்தால் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் வராது.

தலை அகலத்தின் சாய்வு 1ஐத் தெளிவாகத் தாண்டியது. தலை நீளமும் தாண்டியது, அகலம் அளவுக்கு இல்லை. உணர்கொம்புக் கணு 1க்குக் கீழே. கண்ணால் பார்த்தாலே இது தெரியும் என்று இப்போது சொல்லலாம்: சின்ன எறும்பில் அந்தக் கணுவைப் பின்னால் மடித்தால் தலையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், பெரியதில் தலையின் பின் விளிம்பை எட்டுவதே பெரும்பாடு. ஆக, பெரியது சின்னதின் ஜெராக்ஸ் இல்லை. ஒரே கூட்டுக்குள், ஒரே தாய்க்குப் பிறந்தவற்றுக்குள், ஒவ்வொரு பாகமும் தனித்தனி வேகத்தில் வளர்ந்திருக்கிறது.

தலை ஏன்? தலைக்குள் பெரும்பகுதி தாடையை மூடும் தசைதான். பக்கவாட்டில் அகன்ற தலை என்றால் அந்தத் தசைக்குக் கூடுதல் இடம். பெரிய கட்டெறும்பு கடித்தால் விட்டுக்கொடுக்காததன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. கொடுக்கு இவற்றுக்குக் கிடையாது, கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும், அவ்வளவுதான்.

முசுறு சொன்ன வேறு கதை

கட்டெறும்பை மட்டும் வைத்துக்கொண்டு எல்லா எறும்பும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக முசுறையும் அளந்தேன். கொய்யா மரத்தில் இலைகளைப் புழுவின் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் செந்நிற எறும்பு. கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, சின்னதாக ஒரு இலைக்கூட்டைக் கிளையோடு வெட்டி, கெட்டியான பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி நேராக ஃப்ரீசர். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது பீய்ச்சும் அமிலம் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

இங்கே சாக்பீஸ் கோட்டு முறை கூடாது. கிளையில் ஓடுபவை எல்லாமே பெரிய வகை. இரை தேடுவது, கூடு கட்டுவது, சண்டை போடுவது எல்லாம் அவற்றின் வேலை. ஏறக்குறைய பாதி நீளமே உள்ள சின்ன வகை கூட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு முட்டையையும் புழுவையும் பார்த்துக்கொள்ளும், வெளியே தலைகாட்டுவது அபூர்வம். மரத்தடியில் நின்று ஆயுசு முழுக்கப் பொறுக்கினாலும் அதைப் பார்க்காமலே போய்விடலாம்.

கூட்டைத் திறந்து அளந்தபோது தூண் வரைபடத்தில் இரண்டு மலைகள், நடுவே கிட்டத்தட்ட வெறும் பள்ளத்தாக்கு. தூணின் அகலத்தை எப்படி மாற்றினாலும் அந்தப் பள்ளம் போகவில்லை. இங்கே 'இரண்டு வகை' என்று தைரியமாகச் சொல்லலாம். இது நேற்று வந்த ஏற்பாடும் இல்லை. கென்யாவில் விக்டோரியா ஏரியிலுள்ள முஃபாங்கானோ தீவில் மயோசீன் காலத்து முசுறுக் கூட்டம் ஒன்று புழுக்களோடும் கூட்டுப்புழுக்களோடும் கல்லாகிக் கிடைத்தது. வில்சனும் ராபர்ட் டெய்லரும் 1964இல் அதை அளந்து பார்த்தபோது அதே இரண்டு மலைகள் வந்தன. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த எறும்பு தன் ஆட்களை இரண்டு அளவில்தான் தைத்துக்கொண்டிருக்கிறது.

அளவைக் கழித்த பிறகு

கோடு இழுத்து அளப்பது எவ்வளவு பெரிது என்று சொல்லும். எங்கே பெருத்தது என்று சொல்லாது. அதற்குப் புள்ளி வைக்கும் முறை ஒன்று உண்டு. தாடை தலையோடு சேரும் இரண்டு மூட்டுகள், முன் தகட்டின் மூலைகள், உணர்கொம்பு முளைக்கும் குழிகள், கண்ணின் மேல் கீழ் ஓரங்கள் என்று ஒவ்வொரு தலையிலும் அதே வரிசையில் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். பின் மூலைகள் வழவழப்பான வளைவு, அங்கே கூர்மையான அடையாளம் எதுவும் இல்லை. அதனால் வளைவின்மேல் சம தூரத்தில் புள்ளிகள் வைத்து, அவை வளைவோடு நகரலாம் என்று மென்பொருளுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். புள்ளி வைக்க டிபிஎஸ்டிக், வளைவுப் புள்ளிகளை நகர்த்திக் கணக்குப் போட டிபிஎஸ்ரெல்டபிள்யூ, இரண்டும் இலவசம். எல்லாத் தலைகளையும் ஒரே மையத்துக்குக் கொண்டுவந்து, ஒரே அளவாக்கி, ஒன்றின்மேல் ஒன்று படியும்படி மென்பொருள் திருப்பிவிடும். அதன்பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்தான் உருவம்.

கட்டெறும்பில் மிஞ்சியது பெரும்பாலும் ஓர் இடத்தில் குவிந்திருந்தது. தாடை மூட்டுகளும் உணர்கொம்புக் குழிகளும் அதிகம் நகரவில்லை. கண்ணுக்குப் பின்னாலுள்ள இரண்டு மூலைகளும் வெளியேயும் பின்னேயும் தள்ளிக்கொண்டு போகின்றன, நடுவில் பள்ளம் ஆழமாகிறது. சின்ன எறும்பின் தலை பின்னால் குறுகும், பெரியதின் தலை பின்னால் அகலும். தசை போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அதுதான் என்பதால் இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சாய்வு என்ற ஒற்றை எண்ணிலிருந்து இதைப் படித்திருக்க முடியாது.

முதன்முதலாகச் செய்பவர்கள் புள்ளி முறையில் தொடங்க வேண்டாம் என்பேன். அது சாய்ந்த தலைக்கு இரக்கமே காட்டாது. முகத்தை நேராக நிறுத்தும் பழக்கம் கையில் படிந்த பிறகு அதே படங்களில் புள்ளி வைத்துக்கொள்ளலாம். அதனால் கோடு போட்டு அளந்து முடித்ததும் படங்களை அழித்துவிடாதீர்கள், அளவுகோல் படத்தையும் அதே கோப்புறையில் சேர்த்து வையுங்கள்.

என்னிடம் இருப்பது ஒரு கட்டெறும்புக் கூட்டின் கணக்கு மட்டும். பக்கத்துத் தெருப் புளியமரத்தடியில் இன்னொன்று இருக்கிறது, அதிலும் வால் இதே நீளம்தானா என்று பார்க்க வேண்டும். மரத்துக்காரரிடம் கேட்டாயிற்று. எறும்பை எடுத்துப்போக அனுமதி கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனாலும் அவருக்குச் சம்மதமாம்.